சிவப்பு வட்டங்கள்

அந்த வீட்டில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். பட்டம் இன்னும் வரவில்லை. பெயர் மட்டும் முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. வைத்தவள் நாத்தனார். கணவனுடைய அக்கா. கட்டியவரைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்தவள். கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது.

"டாக்டரம்மா, அடுப்புல பால் பொங்குது. அதையும் பார்த்து ஏதாவது எழுதிக்கோ."

"வரேன் அண்ணி."

"வரேன் வரேன்னுதான் சொல்றே. உன் பட்டமும் அப்படித்தான் வந்துக்கிட்டே இருக்கு."

அவள் பதில் பேசுவதில்லை. பேசத் தெரியாமல் இல்லை. எதிர்த்துப் பேசவும் உடம்பில் தெம்பு வேண்டுமே! படுக்கையிலிருந்து எழும்போதே களைப்போடு எழுகிறவளுக்கு அது எங்கிருந்து வரும்? சமையல், மகளின் பள்ளிக்கூடப் பை, கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை, திருத்தவேண்டிய விடைத்தாள் கட்டு. இவற்றுக்கு நடுவே, சந்து கிடைத்த நேரத்தில்தான் முனைவர் பட்ட ஆராய்ச்சி. பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தால் படிப்பாள். படிக்க எடுத்த பக்கத்திலேயே தலை கவிழ்ந்துவிடும். நடத்துனர் வந்து எழுப்புவார்.

கணவன் பெயிண்டர். உயரமான கட்டடங்களில் சாரம் கட்டி அடிக்கிறவன். கையில் ரோலரை எடுத்தால் சுவர் முடிகிறவரை கீழே வைக்கமாட்டான் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவனை 'ரோலர்' என்றே கூப்பிட்டார்கள். அந்த ரோலர் ஒருநாள் சாரம் சரிந்து கீழே விழுந்தான். உயிர் தப்பியது. வலது தோள் மட்டும் தப்பவில்லை.

அதற்கப்புறம் அவனுடைய உலகமே கூடத்துச் சுவர் ஒன்றுதான். விரல்களை எறும்பு மாதிரி சுவரில் மெல்ல மெல்ல மேலே ஏற்ற வேண்டும், எட்டின இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கோடு போடும் பொறுப்பு மகளுக்கு.

"அப்பா, நேத்து போட்ட கோட்டையே இன்னைக்கும் தொட்டிருக்கே!"

"பென்சிலைக் கொஞ்சம் மேல தூக்கித்தான் போடேன்டி. உங்கப்பனுக்கு ஒரு சந்தோஷமாவது இருக்கட்டும்."

மகள் சிரிப்பாள். அவனும் சிரிப்பான். சட்டைக் கையை மாட்டிவிட மனைவி பக்கத்தில் வரும்போது மட்டும் அவனுடைய சிரிப்பு நின்றுவிடும். பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரி புருஷனுக்குச் சட்டை மாட்டுகிற மனைவியும், மாட்டிக்கொள்கிற புருஷனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள முடியுமா?

அவளுடைய ஆராய்ச்சி என்ன என்பது வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கண்ணாடிப் புட்டிகளும் வெள்ளை அங்கியுமாக ஏதோ ஓர் அறையில் நடக்கிறது என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். அவளும் மறுக்கவில்லை. உண்மையில் அவளுக்கு அறையும் இல்லை, அங்கியும் இல்லை. ஒரு சுவர்தான் இருந்தது.

நகரத்தின் குடிநீர் ஏற்றும் நிலையத்தைச் சுற்றி ஒரு பழைய கற்சுவர். வாசலிலிருந்து சாலையோரமாக ஓடி, மூலையில் திரும்பி, பின்பக்க மரங்களுக்குள் போகும். அந்தக் கற்களின் மேல் சாம்பலும் வெளிர்ப்பச்சையுமாக, உடம்பில் தேமல் படர்ந்த மாதிரி ஒரு வகைப் பாசி. எல்லோரும் அழுக்கு என்று நினைத்துத் தாண்டிப்போகிற பொருள். ஆனால் அது உயிர். நம் விரல் நகம் ஒரு மாதத்தில் வளர்கிற அளவு வளர அதற்கு வருஷங்கள் வேண்டும். புகை பட்டால் இன்னும் சுணங்கும். சாலைப் பக்கத்துப் பாசி எப்படி வளர்கிறது, மரத்தடிப் பாசி எப்படி வளர்கிறது என்று ஒவ்வொரு திட்டின் மேலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை வைத்து, விளிம்பை மெல்லிய பேனாவால் வரைந்து எடுப்பாள். அடுத்த வருஷம் அதே திட்டின் மேல் அதே தாள். இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்கிற மயிரிழைதான் அவளுடைய முனைவர் பட்டம்.

இதைக் கணவனிடம் சொல்லவேண்டும் என்றுதான் முதல் நாள் ஓடிவந்தாள். அன்றைக்கு அவன் தலையெல்லாம் தூசியோடு வந்து, கையில் இருந்த சுரண்டியை மூலையில் வீசினான். "நாள் பூரா பாசி சுரண்டினேன். சனியன், கல்லை விட்டு வருவேனாங்குது!" என்றான். சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவள் அவனுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். அதற்குப் பிறகு சொல்லத் தோதான நாள் வரவே இல்லை.

திட்டுகள் ஒன்றுபோலவே இருக்கும். அடையாளம் வேண்டும். பரணில் அவன் மிச்சம் வைத்திருந்த சிவப்பு எனாமல் டப்பா ஒன்று இருந்தது. அதை எடுத்துப்போய், ஒவ்வொரு திட்டையும் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் எண் எழுதினாள். வட்டம் போடும் பழக்கம்கூட அவனிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான். குளியலறையில் சுவர் ஊறிப்போன இடத்தில் அவன் விழுவதற்கு முன்னால் போட்ட சிவப்பு வட்டம் இன்னும் இருக்கிறது. "வட்டம் போட்டாச்சு, பாதி வேலை முடிஞ்ச மாதிரி" என்று அன்றைக்குச் சொன்னான். மீதிப் பாதிக்குத்தான் கை இல்லாமல் போயிற்று.

இப்போது கடைசி அளவு ஒன்றுதான் பாக்கி. அதை எடுத்துவிட்டால் எழுதி முடித்து ஒப்படைத்துவிடலாம். வழிகாட்டிப் பேராசிரியை கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இந்த மாசத்தோட உன் பதிவு முடியுதும்மா. இதுக்கு மேல நீட்டிப்பு கிடையாது. நான் கால்ல விழுந்தாலும் கிடையாது. அந்தக் கடைசி அளவு இல்லாம இத்தனை வருஷ உழைப்பும் செல்லாது. போய் எடுத்துட்டு வா."

எடுக்கத்தான் நினைத்தாள். முதலில் மழை. நனைந்த பாசி உப்பிவிடும், அளவு பொய் சொல்லும். சுவர் காய்ந்தபோது மகளுக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டபோது கல்லூரியில் தேர்வுக் கண்காணிப்பு. நாளைக்கு, நாளைக்கு என்று அவளுடைய நாளை தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

அப்படி ஒரு மாலையில்தான் மேஸ்திரி வீடு தேடி வந்தார். கணவன் பல வருஷம் வேலை பார்த்தது அவரிடம்தான்.

"என்னப்பா ரோலர், கை எப்படி இருக்கு?"

"இருக்குண்ணே. தோளோட ஒட்டிக்கிட்டுதான் இருக்கு."

"சாரம் வேண்டாம், ஏணி வேண்டாம். தரையில நின்னு அடிக்கிற மாதிரி ஒரு சுவர் வேலை. காம்பவுண்டு சுவர். இடது கையால சுரண்டு, முடிஞ்சவரைக்கும் வலது கையால அடி. வர்றியா?"

அவன் எழுந்து உள்ளே போனான். பழைய பெயிண்ட் கறை படிந்த வேலைச் சட்டையைத் தேடி எடுத்து, கதவுக்குப் பின்னால் நின்று, தானாகவே மாட்டிக்கொண்டு வந்தான். பொத்தான் ஒன்று மாறிப் போயிருந்தது. அவள் சரிசெய்யப் போகவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

"எந்த இடம்ணே?" என்று மேஸ்திரியிடம் அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கும்போது இடத்தையா கேட்பார்கள்?

மறுநாள் காலை அவன் மேஸ்திரியின் வண்டியில் போனான். அவளுக்குக் கல்லூரியில் மதியத்துக்கு மேல் வகுப்பு இல்லை. வானம் வெளுத்திருந்தது, சுவர் காய்ந்திருக்கும். தாள்களைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். இன்றைக்கு எடுத்துவிடலாம். அந்த நினைப்பில், வெகு நாளைக்கப்புறம் பேருந்தில் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது வெள்ளை.

வாசலிலிருந்து பாதிச் சுவர் ஈரம் பளபளக்க வெள்ளையாக நின்றது. அதற்கப்பால் கொஞ்ச தூரம் சுரண்டிய கல், சதை உரித்த மாதிரி. அந்தக் கல்லின் அடியில் சாம்பல் நிறத்தில் தூள் குவிந்திருந்தது. அவளுடைய வருஷங்கள் அங்கே தூளாகக் கிடந்தன.

"ஏய்! நீ எங்க இங்க?"

சுரண்டியும் கையுமாக, முகமெல்லாம் தூசியும் சிரிப்புமாக எதிரே நின்றவன் அவளுடைய கணவன்.

"சோறு கொண்டு வந்தியா? நான்தான் காலையிலேயே எடுத்துட்டு வந்துட்டேனே! சரி, வந்ததுதான் வந்தே, பாரு. காலையிலிருந்து நான் சுரண்டினது இவ்வளவும். பசங்க பின்னாடியே வெள்ளை அடிச்சுட்டு வர்றானுங்க. இடது கைதான். ஆனா ஒரு இடம் விடலை."

"நல்லா… நல்லா இருக்குங்க."

"அவனுங்க சுரண்டினா மேலாப்பல தட்டிட்டுப் போயிடுவானுங்க. நான் அப்படியா? கெட்டுப்போன இடத்தையெல்லாம் யாரோ வட்டம் போட்டு நம்பர் கொடுத்து வச்சிருக்காங்க. பெரிய இன்ஜினியரா இருக்கணும். வட்டம் இருந்தா என்ன அர்த்தம்? கல்லு தெரியறவரைக்கும் சுரண்டணும்னு அர்த்தம். ஒவ்வொரு வட்டத்தையும் தேடித் தேடிச் சுரண்டினேன். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். ஒரு பொட்டு மிச்சம் இல்லை, வேணும்னா தொட்டுப் பாரு."

அவள் தொட்டுப் பார்த்தாள். ஒரு பொட்டு மிச்சம் இல்லை.

அவனிடம் எப்படிச் சொல்வாள்? படுத்த படுக்கையாகக் கிடந்து எழுந்தவன் முதன்முதலாகத் தலை நிமிர்ந்து நிற்கிறான். பெருமையாகக் காட்டுகிறான். பேசாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். அதற்குள் அவனே அடுத்த வட்டத்தைச் சுரண்டியால் சுட்டிக்காட்டினான்.

"இதோ பாரு, எவ்வளவு அழகா நாலு போட்டிருக்காங்க. மேல மூடி, கீழ ஒரு சுழி விட்டு… நம்ம வீட்டுல நீ கூட இப்படித்தானே நாலு…"

வார்த்தை பாதியில் நின்றது. அவன் வட்டத்தைப் பார்த்தான். விரலால் அந்தச் சிவப்பைத் தடவினான். தன் எனாமலைத் தனக்கே தெரியாதா? பிறகு அவளுடைய பையிலிருந்து எட்டிப்பார்த்த பிளாஸ்டிக் சுருளைப் பார்த்தான். கடைசியில்தான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"இதுவா உன் ஆராய்ச்சி?"

அவள் தலையசைத்தாள்.

"இந்தப் பாசியா?"

"ம்."

அவன் அப்படியே தூள் குவியலின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். சுரண்டியைத் தூர வைத்தான். "என்னைத் திட்டு" என்றான். "ஏதாவது சொல்லித் தொலையேன். இப்படி நிக்காதே."

"தண்ணி குடிச்சீங்களா? வெயில்ல உதடெல்லாம் காய்ஞ்சு கிடக்கு."

"ஐயோ!" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். திட்டியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

சத்தம் கேட்டு மேஸ்திரி வந்தார். "என்னப்பா உட்கார்ந்துட்டே? யாரு, தங்கச்சியா? சாப்பாடு கொண்டு வந்தியாம்மா?"

"இல்லண்ணே. இவ சுவரைப் பார்க்க வந்திருக்கா."

"சுவரைப் பார்க்கவா! நானும் எத்தனையோ சுவர் அடிச்சிருக்கேன். ஒரு ஈ காக்கா வந்து பார்த்ததில்லை."

விஷயத்தைக் கேட்டதும் மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "வட்டத்தைப் பார்த்து இன்ஜினியர் போட்டதுன்னு நான் நினைச்சேன். அவரு பார்த்துட்டு, 'மேஸ்திரி, நல்லா கவனிச்சுக் குறிச்சிருக்கீங்க'ன்னு என்னைப் பாராட்டினாரு. நானும் வாங்கி வச்சுக்கிட்டேனேம்மா!"

"அண்ணே, நான் வேலையை விட்டுடறேன்" என்று எழுந்தான் அவன். "மீதிச் சுவரைத் தொட வேண்டாம். நானும் தொடலை, யாரையும் தொட விடவும் மாட்டேன்."

"உனக்கு என்ன பைத்தியமா? நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றாரு. சாயங்காலத்துக்குள்ள முடிக்கலைன்னா என் தலை போயிடும்."

அவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. மூட்டையை இறக்கி வைக்கிறவளின் குரல் அது.

"நீங்க விலகினா இன்னொரு ஆளு வந்து சுரண்டுவாருங்க. அவரு எனக்காக நிக்க மாட்டாரு. நீங்களே சுரண்டுங்க. நான் முன்னாடி முன்னாடி வரைஞ்சு எடுத்துக்கறேன். நீங்க பின்னாடியே வாங்க."

மேஸ்திரி யோசித்தார். "அவ்வளவுதானே? தாராளமா வரைஞ்சுக்கம்மா. ஆனா சுரண்டறது நிக்கக் கூடாது."

அப்படித்தான் அது நடந்தது. அவள் ஒரு திட்டின் மேல் தாளை வைப்பாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு விளிம்பை வரைவாள். எண் எழுதுவாள். "ஆச்சுங்க" என்பாள். அடுத்த திட்டுக்கு நகர்வாள். முதுகுக்குப் பின்னால் கர்ரக் கர்ரக் என்று கல்லில் இரும்பு உரசும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வருஷக்கணக்காக மழையிலும் வெயிலிலும் வந்து வந்து நலம் விசாரித்துப் போனவை. ஒவ்வொன்றையும் கடைசியாக ஒருதரம் தொட்டு அளந்து, தானே கொடுத்துவிட்டு நடந்தாள். சொந்தப் பிள்ளையை அனுப்பிவைக்கிற மாதிரி அழுதுகொண்டே நடந்தாள் என்று எழுதலாம். ஆனால் அவள் அழவில்லை. அழுதால் கோடு கோணலாகிவிடும்.

மூலையில், தலைக்கு மேல் ஒரு பெரிய திட்டு. வழக்கமாக அருகிலிருக்கும் தேநீர்க் கடையில் முக்காலி கேட்டு வாங்கிவந்து ஏறுவாள். அன்று கடை மூடியிருந்தது. காற்று வேறு, தாள் நிற்காமல் பறந்தது.

"தள்ளு. நான் பிடிக்கறேன்" என்றான்.

"வேண்டாங்க. அவ்வளவு உயரம் உங்களுக்குக் கை போகாது."

அவன் இடது கையால் தாளின் ஓர் ஓரத்தைக் கல்லில் அழுத்தினான். வலது கை விரல்களைச் சுவரில் வைத்தான். கூடத்தில் செய்கிற மாதிரியே எறும்பு எறும்பாக ஏற்றினான். மகள் போட்ட கோட்டின் உயரத்தைத் தாண்டியதும் பல்லைக் கடித்துக்கொண்டான். கழுத்து நரம்பு புடைத்தது. விரல் தாளின் மறு ஓரத்தைத் தொட்டு அழுத்தியது.

"வரை."

அவள் இரண்டு கற்களை அடுக்கி ஏறி நின்று வரைந்தாள். அவனுடைய மூச்சு அவள் முழங்கையில் சூடாகப் பட்டது. "போதும், கையை இறக்குங்க" என்றாள். "முழுசா வரைஞ்சியா?" என்று கேட்டான். வரைந்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் இறக்கினான். அந்த ஒரு திட்டை மட்டும் அவனால் சுரண்ட முடியவில்லை. சுரண்டியை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டான்.

திரும்பும் பேருந்தில் இரண்டு பேரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். தூசி படிந்த இரண்டு தலைகள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய தலை அவன் தோளில் சாய்ந்தது. வலது தோள். அவன் அசையவே இல்லை.

வீட்டில் விஷயம் தெரிந்தபோது நாத்தனார் வாயைப் பிளந்தாள். "அப்போ இத்தனை வருஷமா நீ சுவத்து அழுக்கைத்தான் அளந்தியா? நம்ம குளியலறையில வேணுங்கற அளவுக்கு இருக்கே! என் தம்பி வட்டம் கூடப் போட்டு வச்சிருக்கான். பஸ் ஏறாம வீட்டோட இருந்து அளந்திருக்கலாமே!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. நாத்தனார்தான் பதறிப்போய் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். "சரி சரி, ஒரு வார்த்தை சொன்னா இப்படியா? போய்ப் படு. பாலை நான் பார்த்துக்கறேன்." அன்றைக்கு அவள் டாக்டரம்மா என்று சொல்லவில்லை.

பேராசிரியை தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சாலைப் பக்கம் பாதிக்கு மேல இல்லையே?"

"இல்ல மேடம். வெள்ளை அடிச்சுட்டாங்க."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தாள்களை மறுபடி ஒருமுறை எண்ணினார்.

"இருக்கிறதை வச்சு எழுது. முடிவைக் கொஞ்சம் அடக்கிச் சொல்லு. பெரிசா எதையும் நிரூபிச்சுட்டதா எழுதாதே. கேள்வி கேப்பாங்க. ஒளிக்காம நடந்ததைச் சொல்லிடு. தாக்குப்பிடிக்கும்னுதான் நினைக்கறேன்."

நினைக்கிறேன் என்றுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் எழுதினாள். பாலுக்கும் விடைத்தாளுக்கும் நடுவில், மாதம் முடிவதற்குள் எழுதி முடித்து ஒப்படைத்தாள். அளவுகள் ஏன் குறைந்தன என்ற இடத்தில் ஒரே ஒரு வரி: சுவருக்கு வெள்ளையடிக்கப்பட்டதால் சில திட்டுகள் அழிந்தன. தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்த்த கணவன் கேட்டான், "யார் அடிச்சதுன்னு போடலையா?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

"கேட்டா?"

"எங்க வீட்டுக்காரருன்னு சொல்றேன், போதுமா? போய்க் கைப்பயிற்சி பண்ணுங்க."

வாய்மொழித் தேர்வு நாள். பல்கலைக்கழகத் தாழ்வாரத்தில், மூடியிருந்த கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே தேர்வாளர்கள் காத்திருந்தார்கள். முந்தைய நாள் திருத்திய விடைத்தாளின் சிவப்பு மை இன்னும் விரலில் இருந்தது. கண் எரிந்தது. பயம்கூட வரவில்லை. பயப்படவும் தெம்பு வேண்டும் அல்லவா?

கைபேசி அதிர்ந்தது. கணவன். இப்போதெல்லாம் அவனுக்கு மேஸ்திரியிடம் தரையில் நின்று செய்கிற வேலை தொடர்ந்து கிடைக்கிறது.

"உள்ள கூப்பிட்டுட்டாங்களா?"

"இன்னும் இல்ல. என்னங்க, சீக்கிரம் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. இங்க ஒரு பழைய பள்ளிக்கூடச் சுவரு. பின்பக்கமா ஒரு பாசித் திட்டு இருக்கு. மஞ்சளா, வட்டமா, ஓரமெல்லாம் சுருங்கி. சுரண்டணும். அதான்… உனக்கு வேணுமான்னு கேட்டேன்."

அந்தச் சுவர் சம்பவத்துக்குப் பிறகு எந்தச் சுவரானாலும் அவன் இப்படித்தான். வகுப்பு நடுவில் கூப்பிடுவான், சமையல் நடுவில் கூப்பிடுவான். கேட்காமல் பாசியின் மேல் சுரண்டியை வைப்பதில்லை. "வேண்டாங்க, சுரண்டுங்க" என்று அலுப்போடு சொல்லி வைத்துவிடுவாள்.

கதவு திறந்தது. அலுவலக உதவியாளர் எட்டிப்பார்த்து, "வாங்கம்மா, கூப்பிடறாங்க" என்றார்.

அவள் எழுந்தாள். சேலையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். கைபேசியில் அவன் இன்னும் காத்திருந்தான். பின்னணியில் யாரோ வாளியை நகர்த்தும் சத்தம்.

"வேணாங்க" என்றாள். பிறகு கதவருகே ஒரு நொடி நின்றாள். "ஆனா நான் வெளிய வர்ற வரைக்கும் அதைத் தொடாதீங்க."

"சரி" என்றான் அவன். அங்கே சுரண்டியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. அவள் உள்ளே போனாள்.